ஆப்பிள் ஏ1844: என்னவா இருக்கும் இந்த டப்பா?

ராயபுரம் ராடார் | 1 அக்டோபர் 2016

அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் ஆப்பிள் பெயரில் ஒரு புதுச் சாதனத்தின் கோப்பு வந்திருக்கிறது. மாடல் எண் ஏ1844. கடையில் கிடைக்கும் எந்த ஆப்பிள் பொருளுக்கும் இந்த எண் கிடையாது. கோப்பில் பேசப்படும் ரேடியோ இரண்டுதான்: ப்ளூடூத், அப்புறம் ஒட்டினாற்போல் வைத்தால் மட்டும் பேசும் என்எஃப்சி. படமோ கையேடோ பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். லேபிளை எங்கே ஒட்டுவார்கள் என்று காட்டும் கோட்டுப்படம் மட்டும் உண்டு. அதைப் பார்த்தால் நட்சத்திரத் தலை வைத்த டார்க்ஸ் ஸ்க்ரூ போட்டு மூடிய ஒரு டப்பா மாதிரி தெரிகிறது. மின்சாரம் 5.5 முதல் 13.2 வோல்ட் டிசி, அதிகபட்சம் 100 மில்லிஆம்ப்.

வெளிநாட்டுத் தளங்களில் பாதிப் பேர் அடுத்த ஆப்பிள் டிவி என்கிறார்கள். மீதிப் பேர் ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியை வைத்த ஸ்பீக்கர் என்கிறார்கள். நம்ம ஆட்கள் என்ன சொல்கிறீர்கள்?

பர்மா பஜார் பாய் | 1 அக்டோபர்

டிவி டப்பாதான், சந்தேகமே வேண்டாம். போன வருஷம் வந்த டப்பாவை அடுக்கி வைக்கவே நேரமில்லை, வந்ததும் போயிடுச்சு. இதுவும் அமெரிக்காவில் இறங்கிய ஒரு வாரத்தில் பீச் ஸ்டேஷன் எதிரே கிடைக்கும். பில் மட்டும் கேட்காதீங்க.

பெரம்பூர் லோகோ | 1 அக்டோபர்

பாய், லேபிளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 13.2 வோல்ட்டை 0.1 ஆம்பால் பெருக்கினால் 1.32 வாட். 5.5 வோல்ட்டில் அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. இப்போது நீங்கள் விற்கும் ஆப்பிள் டிவி 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 0.92 ஆம்ப், அதாவது 11 வாட். எட்டில் ஒரு பங்கு மின்சாரத்தில், அதுவும் வைஃபை இல்லாமல், எந்தப் படத்தை எங்கிருந்து இழுத்து ஓட்டுவது? ஐபோனோடு வரும் குட்டி சார்ஜரே 5 வாட் தருது.

ஸ்பீக்கரும் இதே கணக்கில் அடிபடுகிறது. ஒரு வாட்டை வைத்துக்கொண்டு ரேடியோவும் ஓடணும், எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டும் இருக்கணும், பாட்டும் பாடணும் என்றால் எறும்புக்குத்தான் கேட்கும்.

மிண்ட் மாமா | 2 அக்டோபர்

ஒரு டப்பா. அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதற்குள் மூன்று பேர் சண்டை. ஜியோ சிம் வாங்க வரிசையில் நிற்கிற நேரத்தில் படிக்க நன்றாக இருக்கிறது, தொடருங்கள்.

திருவொற்றியூர் தேரடி | 2 அக்டோபர்

எனக்கு அடிப்படையே புரியலை. இவ்வளவு ரகசியம் காக்கிற கம்பெனி, அரசாங்கத் தளத்தில் எதுக்குப் போய் எழுதி வைக்கணும்?

ராயபுரம் ராடார் | 2 அக்டோபர்

ரேடியோ அலை விடுகிற எந்தப் பொருளையும் அங்கே எஃப்சிசி சான்று இல்லாமல் விற்க முடியாது. நம் ஊரில் டெல்லியில் இருக்கும் டபிள்யூபிசி என்ற வயர்லெஸ் அலுவலகத்திடம் இடிஏ என்ற அனுமதி வாங்குகிற மாதிரிதான். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எழுத்துக் குறி உண்டு. ஆப்பிளுக்கு பிசிஜி. அந்தக் குறியை வைத்துத் தேடுவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சர்க்யூட் வரைபடம் மாதிரியான சங்கதிகளை நிரந்தரமாக மறைத்து வைக்கக் கேட்கலாம். உள்படம், வெளிப்படம், கையேடு இதையெல்லாம் அதிகபட்சம் 180 நாள் மறைக்கலாம். சோதனை அறிக்கையை மறைக்க முடியாது. அதனால்தான் படம் இல்லாமல் அலைவரிசை மட்டும் நம் கண்ணில் படுகிறது.

பழைய கதை ஒன்று. 2007 ஜனவரியில் முதல் ஐபோனைக் காட்டினார்கள், கடைக்கு வந்தது ஜூன் 29. ஆறு மாசம் முன்னாடியே ஏன் காட்டினார்கள் என்றால், எஃப்சிசி கோப்பு வழியாக வெளியே தெரிவதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்று. ஜாப்ஸே மேடையில் அதைச் சொன்னார்.

பெரம்பூர் லோகோ | 2 அக்டோபர்

ராடார் சொன்னதிலேயே ஒரு துப்பு இருக்கு. அதுக்கப்புறம் ஆப்பிள் கற்றுக்கொண்டது. ஐபோன்களின் கோப்பெல்லாம் அறிவிப்பு முடிந்த கையோடுதான் வெளியே வரும், அப்படி நேரம் பார்த்துச் செய்கிறார்கள். ஏ1844 மட்டும் எந்த விழாவும் இல்லாமல் சாதாரணமாக வந்து விழுந்திருக்கிறது. இது வெளியே தெரிந்தால் அவர்களுக்குக் கவலையில்லை என்று அர்த்தம். மேடையில் ஏற்றப்போகிற பொருளாக எனக்குத் தெரியவில்லை.

பர்மா பஜார் பாய் | 2 அக்டோபர்

அப்ப 12 வோல்ட்டுன்னா கார்! ஆப்பிள் கார் பண்றாங்கன்னு ஊரே பேசுதே. கார் பேட்டரி 12 வோல்ட்தானே. சாவிக்குப் பதில் போனைக் காட்டினால் கதவு திறக்கும்.

காசிமேடு ஆண்டெனா | 3 அக்டோபர்

பாய், படகுக்கு விஎச்எஃப் வயர்லெஸ் செட், ஜிபிஎஸ் மாட்டுவது என் தொழில். பெயர்தான் 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14க்கு மேலே தள்ளும். காரிலும் அதே கதை. படகில் மாட்டுகிற எந்தச் செட்டை எடுத்தாலும் 15, 16 வோல்ட் வரை தாங்கும்படிதான் செய்திருப்பார்கள். 13.2ஐ உச்சவரம்பாக வைத்த பொருளை வண்டியில் மாட்டினால், சாவியைத் திருப்பிய அன்றைக்கே என்னிடம் ரிப்பேருக்கு வரும். வண்டிக்கானது இல்லை.

13.2 என்பதைப் பாருங்கள். 12க்குப் பத்து சதவீதம் கூட்டினால் 13.2. சுவரில் செருகும் ஒழுங்கான 12 வோல்ட் சப்ளையை நினைத்துப் போட்ட கணக்கு அது. ஆனால் கீழே ஏன் 5.5 வரை இறங்குகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலேயே அடாப்டர் இருந்தால் அவ்வளவு இடம் விடத் தேவையில்லை.

இன்னொன்று, என்எஃப்சி. 13.56 மெகாஹெர்ட்ஸ், நாலு சென்டிமீட்டர் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். கையிலிருக்கும் பொருளைக் கொண்டுவந்து கிட்டத்தட்ட ஒட்ட வைக்கணும். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தவன் டிவி டப்பாவைத் தொட எழுந்து போவானா? இது நின்றுகொண்டோ நடந்துகொண்டோ தொடுகிற பொருள்.

திருவொற்றியூர் தேரடி | 3 அக்டோபர்

நின்றுகொண்டு தொடுவது என்றால் கடை. 2013 டிசம்பரில் அமெரிக்க ஆப்பிள் கடைகளில் ஐபீக்கன் வைத்தார்கள், ப்ளூடூத்தில் சிக்னல் விட்டு உள்ளே வருகிறவன் போனுக்குத் தகவல் அனுப்புவது. அதோடு போனைக் காட்டிப் பணம் கட்டும் ஆப்பிள் பேயும் சேர்ந்தால் ப்ளூடூத்தும் ஆச்சு, என்எஃப்சியும் ஆச்சு. கல்லாப்பெட்டி பக்கத்தில் வைக்கிற தட்டு. என் ஓட்டு அதற்கே.

மிண்ட் மாமா | 3 அக்டோபர்

ஆப்பிள் பே நம் ஊருக்கு இன்னும் வரவில்லை. ஆகவே எனக்குப் பயனில்லை. அடுத்த ஆள் பேசலாம்.

பெரம்பூர் லோகோ | 4 அக்டோபர்

தேரடி, பணம் வாங்குகிற மெஷின் என்றால் பேங்க்கோடு பேச நெட் வேண்டும். கூடவே ஒரு டேப்லெட் இருந்தால் ஓகே. ஆனால் அந்த மாதிரிக் கருவிகளைப் பேட்டரியில் கையோடு எடுத்துப் போகிற மாதிரிதான் செய்வார்கள். இதற்கு பேட்டரி இருப்பதாகத் தெரியவில்லை, ஒரே இடத்தில் ஒயரோடு உட்காரும் பொருளாகப் படுகிறது.

அப்புறம் கூகுள் ஹோம் என்ற பேசும் ஸ்பீக்கரின் விலையை இன்று அறிவிச்சாச்சு. சிரி ஸ்பீக்கர் ஆசை இருக்கிறவர்கள் தனி இழை தொடங்கவும்.

ராயபுரம் ராடார் | 6 அக்டோபர்

வீட்டுக் கதவு? போன மாசம் வந்த ஐஓஎஸ் 10இல் ஹோம் என்று தனி ஆப்பே கொடுத்திருக்கிறார்கள். பூட்டு, விளக்கு எல்லாவற்றுக்கும். வாசலில் ஒரு ஆப்பிள் டப்பா, போனைக் காட்டினால் கதவு திறக்கிறது. பொருத்தமாகத்தானே இருக்கு?

மணலி கேபிள் | 9 அக்டோபர்

இவ்வளவு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கதவு வரைக்கும் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

மணலி, மாதவரம் பக்கம் இருக்கிற கன்டெய்னர் யார்டுகளுக்கும் சில ஆபீஸ்களுக்கும் ஆக்சஸ் கண்ட்ரோல் மாட்டுவது என் பிழைப்பு. கார்டைக் காட்டினால் கதவு திறக்குமே, அது. ராடார் போட்ட லேபிளை முதல் தடவை பார்த்தபோதே எனக்குக் கை அரித்தது. அது கார்டு ரீடரின் லேபிள்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ரீடர் சுவரில் இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுப்பது பக்கத்தில் இருக்கும் அடாப்டர் இல்லை. எங்கேயோ ஒரு மூலை அறையில் கண்ட்ரோலரும் 12 வோல்ட் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு பெட்டியில் இருக்கும். அங்கிருந்து ஃபால்ஸ் சீலிங் மேலே கேபிள் இழுத்து வருவோம். நாற்பது மீட்டர் போகும், நூறு மீட்டரும் போகும். கேபிள் மெல்லிசு, எனவே வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். அந்தப் பக்கம் 12 கொடுத்தால் இந்தப் பக்கம் 10.8 வரும், இன்னும் சில ரீடர் அதே சப்ளையில் இழுக்கும்போது 9 கூட வரும். ரீடர் அதற்கெல்லாம் அசையக் கூடாது. அதனால் சந்தையில் நல்ல ரீடர்களில் பலவற்றுக்கு 5லிருந்து 16 வோல்ட் என்றே போட்டிருக்கும். ஆண்டெனா அண்ணன் கேட்ட 5.5க்குப் பதில் இதுதான்.

மின்னோட்டமும் அதே. ரீடருக்கு வேலையே இல்லை. கார்டு நம்பரைப் படிக்கும், பீப் அடிக்கும், பச்சை ஒயரிலும் வெள்ளை ஒயரிலும் அந்த நம்பரைக் கண்ட்ரோலருக்குத் தள்ளிவிடும். உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது கண்ட்ரோலர். நூறு மில்லிஆம்ப் தாராளம். கார்டுக்கு உள்ளே பேட்டரி கிடையாது, ரீடர் விடும் அலையிலேயே அது உயிர் பெறும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

வைஃபை ஏன் இல்லை? ஒயர் வந்திருக்கும்போது எதற்கு வைஃபை. ப்ளூடூத் ஏன்? இப்போது கார்டுக்குப் பதில் போனை வைத்துத் திறக்கிற ரீடர்கள் வந்துவிட்டன. அவற்றில் இதே ஜோடிதான்: என்எஃப்சி, ப்ளூடூத். டார்க்ஸ் ஸ்க்ரூ ஏன்? சுவரில் எல்லார் கையும் படுகிற உயரத்தில் இருக்கும் பொருள். நம்ம யார்டில் சாதா ஸ்க்ரூ போட்டால் டிரைவர்கள் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் கழற்றியே பார்த்துவிடுவார்கள்.

ராடார் தம்பி, வீட்டுக் கதவு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்க வீடுகளில் வாசல் மணிக்குப் போகிற ஒயரில் ஓடுவது 16 வோல்ட் ஏசி, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். லேபிள் டிசி என்கிறது, அது ஒரே திசையில் ஓடுவது. வீட்டுக்காரன் எவனும் பூட்டுக்காகச் சீலிங் மேலே 12 வோல்ட் கேபிள் இழுக்க மாட்டான், பேட்டரி போட்ட பூட்டு வாங்குவான். இது பெரிய கட்டடத்துக்கானது. கடையில் விற்க இல்லை, சொந்த உபயோகத்துக்கு. ஆப்பிளின் தலைமையகம் இருக்கும் குபர்டினோவில் வட்டமாக ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கிறார்களே, அதன் கதவுகளுக்கு என்பது என் எண்ணம்.

காசிமேடு ஆண்டெனா | 9 அக்டோபர்

அப்படிப் போடுங்க. 5.5 இப்போது உட்கார்ந்தது.

பெரம்பூர் லோகோ | 10 அக்டோபர்

மணலி அண்ணே, மின்சாரக் கணக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு கேள்வி. ஒன்று, சொந்த ஆபீசுக்கு மட்டும் என்றால் எஃப்சிசிக்கு ஏன் போகணும்? இரண்டு, ரீடர் கடையில் கிடைக்கிறது. நீங்களே வாங்கி மாட்டுகிறீர்கள். உலகத்தின் பணக்காரக் கம்பெனி ஒரு ரீடரை உட்கார்ந்து டிசைன் செய்யுமா?

மணலி கேபிள் | 10 அக்டோபர்

முதல் கேள்விக்கு ராடார்தான் சரியாகச் சொல்லணும். எனக்குத் தெரிந்தவரை, ஆயிரக்கணக்கில் செய்து மாட்டப்போகிற ரேடியோவைச் சான்று இல்லாமல் ஓடவிட எந்தப் பெரிய கம்பெனியும் துணியாது.

இரண்டாவதற்கு: நான் மாட்டுகிற ரீடர்களை நீங்கள் நேரில் பார்த்ததில்லை போலிருக்கு. கறுப்பு பிளாஸ்டிக், மேலே கம்பெனி பெயர் பெரிசாக, சிவப்பு விளக்கு ஒன்று கண் மாதிரி முறைக்கும். துறைமுகத்துப் பக்கம் உப்புக்காற்றில் ஒரு வருஷத்தில் ஓரமெல்லாம் வெளுத்துவிடும். கதவுக் கைப்பிடி முதல் கண்ணாடி வளைவு வரை தன் இஷ்டத்துக்குச் செய்கிறவர்கள், அதன் பக்கத்தில் இந்தக் கறுப்புக் கட்டியை ஒட்ட விடுவார்களா? எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

திருவொற்றியூர் தேரடி | 11 அக்டோபர்

ஐபோனின் என்எஃப்சியை ஆப்பிள் பே தவிர வேறு எதற்கும் திறந்துவிடவில்லையே. போனைக் காட்டி எப்படிக் கதவைத் திறப்பார்கள்? நான் கடைத் தட்டிலேயே நிற்கிறேன்.

மணலி கேபிள் | 11 அக்டோபர்

பூட்டி வைத்தவர்களே திறக்கிறார்கள் என்றால் யாரிடம் அனுமதி கேட்கணும், தேரடி? இல்லாவிட்டால் என்எஃப்சி கார்டுக்கு, ப்ளூடூத் போனுக்கு. கார்டை மறந்துவிட்டு வரும் ஆளைத் தினமும் பார்க்கிறேன், போனை மறந்துவிட்டு வரும் ஆளைப் பார்த்ததில்லை.

நம் பக்கம் இந்தத் தொட்டுப்போகும் சங்கதியே அரிது. மெட்ரோ கார்டைத் தட்ட வேண்டும் என்றால் கோயம்பேடு போகணும், வண்ணாரப்பேட்டையில் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ராயபுரம் ராடார் | 28 அக்டோபர்

நேற்று ஆப்பிள் நிகழ்ச்சி முடிந்தது. டச் பார் வைத்த மேக்புக் ப்ரோ. டிவிக்கு ஒரு ஆப். புது டப்பா எதுவும் மேடையேறவில்லை. லோகோ சொன்னது மாதிரியே.

பர்மா பஜார் பாய் | 28 அக்டோபர்

அடுத்த நிகழ்ச்சியில் வரும். பொறுங்க.

ராயபுரம் ராடார் | 22 நவம்பர்

ஆப்பிள் தன் ஏர்போர்ட் ரவுட்டர் செய்யும் குழுவைக் கலைத்துவிட்டதாக புளூம்பெர்க் செய்தி. ஏ1844 புது ரவுட்டர் என்று வேறு இடங்களில் ஒரு கட்சி இருந்தது. வைஃபையே பேசாத ரவுட்டர் என்ன ரவுட்டரோ. அந்தக் கட்சி இத்தோடு காலி.

பாய், பஜார் எப்படி இருக்கு?

பர்மா பஜார் பாய் | 22 நவம்பர்

எட்டாம் தேதி ராத்திரிக்கு அப்புறம் ஈ ஓட்டுகிறேன். வருகிற ஒன்றிரண்டு பேரும் ரெண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறை கேட்கிறார்கள். டப்பா வந்தாலும் வாங்க ஆள் இல்லை.

மணலி கேபிள் | 20 டிசம்பர்

பன்னிரண்டாம் தேதி வர்தா வந்துபோனதிலிருந்து இன்றுதான் எனக்கு ஒழுங்காக நெட் வருது. எண்ணூர் ரோட்டில் இன்னும் மரம் கிடக்கிறது. எல்லாரும் பத்திரமா?

வேலை விஷயம் ஒன்று. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும் வரைதான் பிடிக்கும், போனால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் ஆள் வெளியே ஓட வேண்டும் என்பதற்காக அப்படி. கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, நான் மாட்டின கதவெல்லாம் ஆவென்று திறந்துகிடந்தது. செக்யூரிட்டி அண்ணன்கள் சைக்கிள் செயினும் பூட்டும் வாங்கிவந்து கட்டி, விடிய விடிய ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரீடர் மட்டும் சுவரில் சும்மா கிடந்தது. எவ்வளவு பெரிய கம்பெனி செய்த ரீடரானாலும் அதன் பின்னால் இருக்கிற சப்ளைதான் கதவு. குபர்டினோவில் புயல் இல்லாததால் பிழைத்தார்கள், நிலநடுக்கம் உண்டு.

மிண்ட் மாமா | 20 டிசம்பர்

இந்த இழையில் எனக்குப் பயன்பட்ட முதல் தகவல். எங்கள் கடை கோடவுனுக்கு நவ்தால் பூட்டே போதும்.

காசிமேடு ஆண்டெனா | 21 டிசம்பர்

இங்கே படகுகள் ஒன்றோடு ஒன்று மோதியதில் ஆண்டெனா கம்பெல்லாம் போச்சு. இரண்டு மாசத்துக்கு வேலை இருக்கு. டப்பா வந்தால் யாராவது எழுதுங்க.

ராயபுரம் ராடார் | 23 பிப்ரவரி 2017

மணலி அண்ணே, எங்கே இருக்கீங்க? அந்த வட்டக் கட்டடத்துக்கு ஆப்பிள் பார்க் என்று நேற்று பெயர் அறிவித்துவிட்டார்கள். 175 ஏக்கர். ஏப்ரலில் இருந்து ஆட்கள் குடிபோகத் தொடங்குவார்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேலே. எல்லாரும் மாறி முடிக்க ஆறு மாசம் ஆகுமாம்.

செப்டம்பர் கடைசியில் கோப்பு, ஏப்ரலில் கட்டடம். 180 நாள் கெடுவும் மார்ச் கடைசியில்தான் முடிகிறது. எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதே.

மணலி கேபிள் | 23 பிப்ரவரி

கட்டடம் திறப்பதற்கு அரை வருஷம் முன்னாடி ரீடர் கையில் இருக்கணும். மாட்டி, கேபிள் சோதித்து, ஒவ்வொரு கதவுக்கும் யாருக்கு அனுமதி என்று ஏற்றி முடிக்க அவ்வளவு நாள் ஆகும். பன்னிரண்டாயிரம் பேருக்கு எத்தனை கதவு வரும் என்று யோசியுங்கள். மீட்டிங் அறை, சர்வர் அறை, லிஃப்ட், பார்க்கிங், அதிலும் பாதி ஆளைப் பாதி இடத்துக்குள் விடாத கம்பெனி. சாதாரண ஆபீசில் பத்து கதவு வேண்டிய இடத்தில் இவர்களுக்கு முப்பது வேண்டும். சொந்தமாக டிசைன் செய்த செலவு அந்த எண்ணிக்கையிலேயே கட்டுப்படியாகிவிடும், லோகோ.

பெரம்பூர் லோகோ | 23 பிப்ரவரி

எண்ணிக்கைக் கணக்கு எனக்குப் பிடிக்கிறது. மார்ச் கடைசியில் படம் வெளியே வந்தால் பின்பக்கம் எத்தனை ஒயருக்கு இடம் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

திருவொற்றியூர் தேரடி | 24 பிப்ரவரி

கடைக்கும் கதவு உண்டு என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

பர்மா பஜார் பாய் | 24 பிப்ரவரி

ஆபீஸ் சுவரில் திருகி வைக்கிற பொருள்னா பஜாருக்கு எந்தக் காலத்திலும் வராது. சரி விடுங்க. ஏர்பாட்ஸ் ரெண்டு செட் வந்திருக்கு, கடை விலை 15,400. நம்ம இழை ஆட்கள்னா பேசி முடிச்சுக்கலாம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க.